மோர்வா என்று ஓர் ஊர் இல்லை

பாப்பா,

இதை நீ படிக்கும்போது உனக்கு இப்போதைய என் வயது ஆகியிருக்கும். முப்பத்திரண்டு முடியும்வரை உன் கையில் கொடுக்கக் கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உனக்கு மூன்றரை வயது. உயரம் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும். நாளை காலை மினி லாரி வருகிறது. நீ நடக்கக் கற்றுக்கொண்ட வீட்டைக் காலி செய்துகொண்டு சித்தூருக்குப் போகிறோம். ஏன் போனோம் என்று பிற்பாடு உனக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். உன் அப்பனுக்கு மூளை பிசகிவிட்டது என்பது அவற்றில் ஒன்று. பக்கத்து வீட்டு ரமணம்மா இப்போதே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் காதில் விழாத மாதிரி இருக்கிறேன். எனக்கு நெகிழ்ந்து எழுத வராது. ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை இது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அர்த்தம் தெரியாத ஒரு வார்த்தையை நான் ஒரு வரைபடத்தில் ஏற்றினேன். அந்த வார்த்தையின் மேல் அறுபது வீடுகள் எழும்பின. அதில் ஒன்று நம்முடையது. அடுத்து ஒரு பள்ளிக்கூடம் எழும்ப இருந்தது. வரும் ஜூனில் உன்னை அங்கேதான் சேர்ப்பதாக இருந்தோம்.

அப்போது எனக்கு இருபத்தாறு. சிவில் முடித்துவிட்டு திருப்பதியில் ஒரு தனியார் கன்சல்டன்சியில் சேர்ந்திருந்தேன். நகரத்தைக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு தடவை கட்டுவதுதான் எங்கள் வேலை. மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும், எந்தக் கூரை எவ்வளவு மின்சாரம் கொடுக்கும், எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதையெல்லாம் முதலில் அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மண்ணில் கை வைப்பது. அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், அதில் மாற்றமில்லை. பழங்காலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஊருக்கு அடித்தளம் பழைய கிராமப் படங்கள். அவற்றை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பெயரையும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் ஷீட், அத்தனையும் கையால் எழுதிய தெலுங்கு. நான் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவன். வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கடைத்தெருவில் தெலுங்கு. தெலுங்கில் சண்டை போடுவேன். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவேன்.

ஒரு ஷீட்டின் ஓரம் கிழிந்திருந்தது. அதற்கு அடுத்த ஷீட் கட்டிலேயே இல்லை. கிழிசலை ஒட்டி இரண்டு சின்னக் கோடுகள், பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதிய ஒரு வார்த்தை, அதன் கீழே 487.5 என்று ஓர் எண். எழுத்துக் கூட்டினேன். மொரவ. கேள்விப்பட்டதில்லை. ஆங்கிலத்தில் தட்டும்போது நடுவில் ஒரு 'ஏ' விட்டுப்போய் மோர்வா ஆனதைக்கூட நான் பார்க்கவில்லை. எண்ணை சர்வே நம்பர் 487/5 என்று போட்டேன். உடனே மென்பொருள் ஒரு பட்டியலைத் திறந்து, இது என்ன வகை என்று கேட்டது. ஊர், கோயில், மலை, ஆறு, சாலை. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த ஷீட்டுக்கு விடாது. ஊர் என்று போட்டேன். அடுத்த நாற்காலியில் லோகேஷ் இருந்தான், நாயுடுபேட்டைக்காரன், தமிழும் பேசுவான். ஷீட்டைக் காட்டாமலே அவனிடம், "ஊரு இருக்கு, ஆனா சாட்டிலைட்ல பார்த்தா ஒரு குடிசகூட இல்ல மச்சி" என்றேன். அவன் தலையைத் திருப்பாமல், "அப்ப பேச்சிராக் போட்டுட்டுப் போய்க்கினே இரு" என்றான். ஆள் குடியில்லாத ஊருக்கு ரெவின்யூக் கணக்கில் அப்படி ஒரு பெயர் உண்டு. விளக்கு எரியாத ஊர் என்று பொருள். போட்டேன். ரெக்கார்டு ரூம் பத்தடி தள்ளி இருந்தது, தெலுங்கு சரளமாகப் படிக்கிற நான்கு பேர் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்க் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷம். அன்றைக்கு நாற்பது ஷீட் முடிப்பது என்ற வெறியில் இருந்தேன்.

இது என் பழைய வியாதி. பன்னிரண்டு வயதில் சபையில் என்னைப் பாடம் வாசிக்க நிறுத்தினார்கள். வரிசையாக ஊர்ப் பெயர்கள் வருகிற பகுதி, ஒவ்வொன்றும் வாயில் நுழையாத பெயர். நுழையாதவற்றை விட்டுவிட்டு வேகமாக வாசித்து இறங்கிவிட்டேன். சபையில் ஒருவர் முகமும் மாறவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது உன் தாத்தா, "நாலு ஊர முழுங்கிட்டியே, வயிறு என்னாத்துக்கு ஆவும்?" என்றார். அவர் கணக்கு வாத்தியார், எண்ணிக்கொண்டே கேட்டிருக்கிறார். "யாருக்கும் தெரியல நைனா" என்றேன். "அந்த ஊருங்களுக்குத் தெரியும்டா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். இருபது வருஷம் கழித்து அந்த வாக்கியம் எனக்குச் சிரிப்பாக இல்லை.

அந்தக் காலியிடத்துக்கு ஒரு பிரமோட்டர் வந்தார், எங்கள் கன்சல்டன்சியின் வாடிக்கையாளர். இடத்தைப் பார்த்ததும் எனக்கே பிடித்துப்போனது. யாரோ ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி மட்டமான நிலம். ஒரு மரம் இல்லை, ஒரு பாறை இல்லை, மண் மட்டும் மாவு மாதிரி. இவ்வளவு மட்டமாக ஒரு நிலம் ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டிய படிப்பைத்தான் நான் படித்திருந்தேன். கேட்கவில்லை. கூரையெல்லாம் சோலார், நடைபாதைக்குத் தண்ணீரை உறிஞ்சும் கல், மழைநீர்க் கால்வாய்க்குள் அளவுமானி, வெளிச்சம் குறைந்தால் தானே எரியும் தெருவிளக்கு. டிசைனில் பாதி என் கை. ஊருக்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை, வரைபடத்தில் இருந்ததையே எடுத்துக்கொண்டார்கள். மோர்வா எகோ சிட்டி. உன் தாத்தா ரிட்டையர் ஆகிக் கையில் வந்ததையும் என் லோனையும் சேர்த்து இங்கே வீடு வாங்கினோம். "மோர்வான்னா என்னாடா?" என்று கேட்டார். "பேரு நைனா." "எந்த பாஷ?" "பேருக்கு எதுக்கு பாஷ?" என்றேன். உன் முதல் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு குடிவந்தோம். கிழக்குச் சுவரில் நிற்கவைத்து உன் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு கோடு.

போன சித்திரையில் ஆரம்பித்தது. காலனியின் தாழ்ந்த மூலையில், பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய மனைக்கு முன்னால் இருக்கும் கால்வாய் அளவுமானி, ஆழம் இரண்டு புள்ளி நான்கு மீட்டர் என்று அனுப்பியது. கால்வாயின் மொத்த ஆழமே முக்கால் மீட்டர். அந்த அளவு உண்மையென்றால் அந்த இடத்தில் நின்றால் என் மூக்குக்கு மேல் தண்ணீர் போக வேண்டும். நான் போய் நின்றேன். நல்ல வெயில். கால்வாயில் ஒரு பாலித்தீன் கவரும் ஒரு பல்லியும் கிடந்தன. அளவுமானியைக் கழற்றி ஆபீஸுக்கு எடுத்துப்போய் மேஜைமேல் வைத்தால் ஒழுங்காகப் பூஜ்யம் காட்டியது. புதியது ஒன்றை மாட்டினேன். அதுவும் இரண்டு புள்ளி நான்கு என்றது. வேறு கம்பெனிச் சரக்கை வரவழைத்து மாட்டினேன். அதுவும். தண்ணீர் லாரி வாங்கிக் குடிக்கிற காலனி பாப்பா இது. அந்த வாரம்தான் லாரி வரவில்லை என்று ரமணம்மா தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய், தண்ணீரே இல்லாத கால்வாய்க்கு மூன்றாவது அளவுமானியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் விளக்குகள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன், கண் கூசுகிற வெயில். பள்ளி மனைக்கு முன்னால் முதல் கம்பத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் எரியும் விளக்குக்கு ஒரு நோஞ்சான் மஞ்சள் உண்டு, பார்த்திருப்பாய். நான் ஸ்கூட்டரை நிறுத்தியபோது இரண்டாவது எரிந்தது. அப்புறம் மூன்றாவது. பார்த்தால் தெரியாது, தெரு அங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் லேசாக ஏறும். விளக்குகள் அந்த ஏற்றத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆறாம் கம்பம் நம் வீட்டுக்கு எதிரில் இருக்கிறது. அதுவும் எரிந்தது. எட்டு வரை எரிந்து, ஒன்பதில் நின்றது. மறுநாள் லோகேஷ் அந்த விளக்குகளின் வெளிச்ச சென்சார் பதிவுகளைத் திறந்தான். வெயில் உச்சியில் இருந்த நேரத்தில் அவற்றுக்கு இருட்டியிருக்கிறது. முதல் கம்பத்துக்கு அதிகம், அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, ஒன்பதாவதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த சென்சார் வெளிச்சத்தின் நிறத்தையும் பிரித்துச் சொல்லும். லோகேஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மச்சி, செவப்பு போயிடுச்சு. எல்லாம் பச்சையா இருக்கு" என்றான். வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கினால் சிவப்புதான் முதலில் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். படித்திருக்கிறோம். அவன் ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

அதே மாதம் நீயும் ஒரு விளையாட்டை ஆரம்பித்தாய். ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நிற்பாய். வீட்டிலிருந்து கிளம்பியதும் கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வாய். தெருமுனை வருவதற்குள் முகம் சிவந்துவிடும். உன் அம்மா, "தூசிக்கு, பாவம், கொழந்த மூச்ச அடக்கிக்கினு வருது" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடியில் சுவர். கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கோடு வந்தது, வெள்ளையாக உப்புப் பூத்து. உன் தாத்தா கரண்டியால் சுரண்டினார், மூன்றே நாளில் திரும்ப வந்தது. ரமணம்மா தன் வீட்டுக் கோட்டின்மேல் இரண்டு தடவை பெயிண்ட் அடித்திருந்தாள். "உங்க வீட்லயுமா பாபு? நான் எங்க மேஸ்திரிய சும்மா திட்டிட்டனே" என்றாள். நான் ஆபீஸிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் வீடு வீடாகப் போனேன். அளவுகோலை உன் அம்மா பிடித்தாள். பதினோரு வீட்டில் கோடு இருந்தது. தரையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வோர் உயரம். ஒரு வீட்டில் முழங்கால், ஒரு வீட்டில் இடுப்பு, ரமணம்மா வீட்டில் ஸ்விட்ச் போர்டு. ஆனால் கடல் மட்டத்திலிருந்து கணக்குப் போட்டால் பதினொன்றும் ஒரே மட்டம். நூற்று நாற்பத்தெட்டு புள்ளி ஆறு மீட்டர். ஈரம் மண்ணிலிருந்து சுவரில் ஏறும், அதற்கு விளக்கம் உண்டு. ஆனால் ஒரு வீடு செங்கல், ஒரு வீடு சிமெண்ட் கல், ஒன்று கருங்கல் கடைக்கால். ஈரம் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் வந்து, ஒரே மட்டத்தில் நிற்காது. நிற்பது ஒன்றுதான், அது தண்ணீரின் மேல்பரப்பு. வீட்டுக்கு வந்து அளவுமானி இருக்கும் மட்டத்தோடு அந்த இரண்டு புள்ளி நான்கைக் கூட்டினேன். நூற்று நாற்பத்தெட்டு புள்ளி ஆறு. ஒன்பதாம் கம்பத்தின் அடியில் தெருவின் மட்டத்தைப் பார்த்தேன். அதே. நம் கூடத்தில் அந்தக் கோடு தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர். உன் பென்சில் கோடுகள் எல்லாமே அதற்குக் கீழே இருந்தன.

நான் பயந்தேனா என்று கேட்டால், பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஓர் எண் மூன்று இடத்திலிருந்து வருகிறது, அதற்குக் காரணம் தெரியவில்லை. இரண்டு மாதம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். உன் அம்மா ஒரு நாள், "ஊட்டுக்கு வந்தா ஊட்ல இரு, இல்ல அந்த கம்பத்துக்கிட்டயே பாய் போட்டுக்கோ" என்றாள். அது நியாயம்.

புரட்டாசியில் சத்தியவேடு பக்கம் ஒரு வாரம் மழை கொட்டியது. இங்கே தூறலோடு சரி. உன் அம்மாவின் ஊர் அங்கேதான், விவசாயக் குடும்பம். நாங்கள் கல்லூரியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டதில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள், நீ பிறந்த பிறகு வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிறார்கள். உன் மாமன் ஃபோனில் வந்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "அக்கா, நம்ம ஏரி மொரவ போவுது. ஊரே அங்கதான் நின்னுக்கினு கீது. கெண்டமீனு துள்ளுது பாரு, பசங்க வேட்டியிலயே புடிக்கறானுங்க."

"எப்ப?"

"இன்னிக்கி காத்தால. பாப்பாவ கூட்டிக்கினு வாங்க. ஆட்ட வெட்டி சோறு போடறாங்க."

ஃபோனை வைத்த பிறகு நான் கேட்டேன். "என்ன போவுதுன்னு சொன்னான்?"

"மொரவ."

"அப்படின்னா?"

"ஏரி ரொம்பினா ஒரு பக்கம் தண்ணி வழிஞ்சி போவும் பாரு, கல்லு கட்டி உட்டுருப்பாங்க. அதான் மொரவ." தோசையைத் திருப்பிப் போட்டாள். "இதுகூட தெரியாதா? வெளியில தண்ணி இஞ்சினீருன்னு சொல்லிக்கினு கீற."

"தெலுங்கா, தமிழா?"

"எவனுக்குத் தெரியும். எங்க ஊர்ல ரெண்டு பேரும் அதத்தான் சொல்லுவாங்க." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கையில் தோசைத்திருப்பி அப்படியே நின்றது. மூன்று வருஷமாக அவள் வாயாலேயே நூறு தடவை சொன்ன மோர்வாவை அவள் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அடுப்பை அணைத்தாள். "நாம எங்க கீறோம்?" என்று கேட்டாள்.

மறுநாள் அந்தக் கிழிந்த ஷீட்டைத் திறந்தேன். இரண்டு சின்னக் கோடுகள் கல் கட்டு. 487.5 சர்வே நம்பர் இல்லை, கடல் மட்டத்திலிருந்து அடி. அடியை மீட்டராக மாற்று, உனக்கும் வரும்: 148.59. கால்குலேட்டரை மூன்று தடவை தட்டினேன். தண்ணீர் அந்த மட்டம் வரைக்கும் நின்று, அதற்குமேல் வழிய வேண்டும். ஏரியின் பெயரைத் தேடினேன். இல்லை. அடுத்த ஷீட்டோடு போய்விட்டது. கரையை எப்போதோ கரைத்திருக்கிறார்கள், வறண்ட வருஷங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏரிக்குப் பெயர் மிஞ்சவில்லை. அது வழிகிற இடத்துக்கு மட்டும் பெயர் மிஞ்சியது, அதை நான் விளக்கு எரியாத ஊர் என்று எழுதி, அப்புறம் நானே அதற்கு விளக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவார பூஜை பத்து நாளில் இருந்தது. மேனேஜரிடம் போனேன். கெட்டவர் இல்லை, களைத்தவர். "ஒக்க மாட கோசம் ஊரே லேதண்டாவா?" என்றார். ஒரு வார்த்தைக்காக ஊரே இல்லை என்கிறாயா. அளவுமானியைச் சொன்னேன், பழுது என்றார். விளக்கைச் சொன்னேன், வயரிங் என்றார். சுவரைச் சொன்னதும் திருத்த ஃபாரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பிறகு தமிழில், "தப்பு இருந்தா திருத்து. ஆனா ஃபாரத்துல யாரு செஞ்ச தப்புன்னு ஒரு எடம் இருக்கு. உன் பேரு போடணும். நீயும் அங்கதான இருக்க? யோசிச்சுக்கோ" என்றார். அவர் சொன்னது புரிந்தது. பெயர் போட்டால் பள்ளிக்கூடம் நிற்கும். கூடவே அறுபது வீட்டையும் அதற்கப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள், நம் வீடு உட்பட. போடாவிட்டால் ஜூனில் நீ பைக்கட்டு மாட்டிக்கொண்டு, என் மூக்குக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் போய் உட்காருவாய்.

மூன்று நாள் போடவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மழை வராத ஊர், ஏரி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, மேடு போட்டுக் கட்டலாம், எல்லாவற்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் மத்தியானம் உன் தாத்தாவிடம் சொன்னேன். அவர் வாழ்நாள் சம்பாத்தியம் அந்தச் சுவரில் இருக்கிறது. சுற்றி வளைக்க எனக்கு வராது. "நைனா, நான் ஒரு வார்த்தைய முழுங்கிட்டேன்" என்றேன். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "எந்த ஊரு?" என்றார். "இந்த ஊரு." அவர் கிழக்குச் சுவரைப் பார்த்தார், உப்புக் கோட்டை, அதற்குக் கீழே உன் பென்சில் கோடுகளை. "மொதல்ல சோறு துன்னு" என்றார். "துன்னுட்டு போய் எழுது."

எழுதினேன். வகை மாற்றுவதற்குப் பட்டியலில் நீர் வழி என்று ஒன்று இல்லை, சேர்த்தேன். அதோடு இன்னொன்றும் சேர்த்தேன்: தெரியவில்லை. பாப்பா, நீ என்ன வேலை பார்ப்பாயோ எனக்குத் தெரியாது. ஊர் கட்டுகிற வேலை என்றால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சென்சார், சோலார் எல்லாம் வைத்துக்கொள், நல்ல சாமான்கள். ஆனால் உன் பட்டியலில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பார். அது இல்லாத பட்டியல் உன்னைப் பொய் சொல்ல வைக்கும். நீயும் அவசரத்தில் சொல்லிவிடுவாய், என் ரத்தம்தானே.

பள்ளிக்கூடத்தை மெயின் ரோட்டுக்கு மேல்பக்கம் மேட்டில் கட்டப்போகிறார்கள். அது நடந்தது. மற்றபடி நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. திருத்தம் ஏறிய அன்றே வரைபடத்தில் மோர்வா போய்விட்டது, அந்த இடம் முழுக்க நீலமாகிவிட்டது. அடுத்த நாள் பார்சல் கொண்டுவந்த பையன் ஃபோன் செய்தான். "சார், மேப்ல தண்ணி காட்டுது. நீங்க எங்க கீறீங்க?" "உள்ளதான்" என்றேன். அவன் கட் செய்துவிட்டான். ஏழு குடும்பங்கள் காலி செய்தன. மற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, போக இடம் வேண்டுமே. ரமணம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். "ரெண்டு நாளா லாரி வரல. இங்க தண்ணி வரும்ங்கற. உன் வாய்க்கு சக்கர போடணும் பாபு" என்றாள். ஸ்விட்ச் போர்டையாவது மேலே ஏற்றச் சொன்னேன். ஏற்றிவிட்டாள். அதுவரைக்கும்தான் என்னால் முடிந்தது.

இங்கே நேற்று நிறுத்தினேன். இப்போது சித்தூரிலிருந்து எழுதுகிறேன், சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை லாரியில் உன் அம்மாவும் தாத்தாவும் முன்னால் போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டுமுன் உன்னைச் சுவரில் நிற்கவைத்துக் கடைசியாக ஒரு தடவை அளந்தேன். அதே தொண்ணூற்று நான்கு. ஸ்கூட்டரில் ஏற்றினேன். நடுப்பகல், வெயில், வானத்தில் ஐப்பசி மேகம் இரண்டு மூன்று. பள்ளி மனைப் பக்கம் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் கம்பத்தில் நீ கன்னத்தை உப்பிக்கொண்டாய். ஏழு. எட்டு. இத்தனை மாதமும் தெருமுனைவரை அடக்குகிறாய் என்றே நினைத்திருந்தேன். இன்றுதான் உன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்பதாம் கம்பத்தை முன்சக்கரம் தொட்டதும், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர்கள் விடுவதுபோல, வாயைத் திறந்து பெரிதாக மூச்சு விட்டாய். பிறகு எதுவும் நடக்காத மாதிரி, பஸ்ஸில் போகும் யாருக்கோ கையாட்டினாய்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு நெஞ்சு வலித்தது. ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

உன்
அப்பா